ஜி.எம். கையால் கலைத்த சீட்டு

"மேரி, சீட்டை நீ செட் பண்ணியிருக்க."

எங்கள் ஜி.எம். ராகவன் சார் இதைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லவில்லை. கம்பெனி கிளப்பில், அத்தனை பேர் முன்னாலும் சொன்னார். திருவாண்டார்கோயில் பக்கம் பம்பு பாகங்கள் செய்யும் கம்பெனி அது. நான் அங்கே கம்ப்யூட்டர் செக்‌ஷன் சூப்பர்வைசர். அந்த ஞாயிற்றுக்கிழமை பிரிட்ஜ் பைனல். எங்கள் டீமுக்கும் கிருமாம்பாக்கம் பக்கத்து வாத்தியார்கள் டீமுக்கும் ஆட்டம். நடத்துகிற பொறுப்பு என்னுடையது.

பிரிட்ஜ் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நாலு பேர் உட்கார்ந்து ஆடுவது. எதிரெதிரே இருப்பவர்கள் ஜோடி. ஆளுக்குப் பதின்மூன்று சீட்டு. பைனலில் ஒரே பங்கீட்டை இரண்டு மேசையிலும் ஆடுவார்கள். இங்கே எதிராளி பிடித்த கையை அங்கே நம் ஆள் பிடிப்பார். அதனால் அதிர்ஷ்டத்தைக் குறை சொல்ல முடியாது. யாருக்காவது சீட்டு முன்கூட்டியே தெரிந்திருந்தால்தான் வில்லங்கம்.

அதுவரை கையால் கலைத்துத்தான் போடுவோம். அந்த வருஷம் முதல்முறையாகப் பங்கீட்டைக் கம்ப்யூட்டரில் போட்டேன். பிரிண்ட் எடுத்து, அதன்படி சீட்டைப் பிரித்து, ஆளுக்கொரு பை வைத்த தட்டுகளில் நானே செருகி வைத்தேன். எதிர் டீமில் ஆடியது என் தங்கை புருஷன் அருள். வேறென்ன வேண்டும், ஒரு மனுஷிக்குக் கெட்ட பேர் வர?

ஜி.எம். ஹார்ட்ஸைத் துருப்பாக வைத்து, இத்தனை சுற்று ஜெயிப்பேன் என்று கேட்கும் ஏலத்தை உச்சிக்கு ஏற்றியிருந்தார். அவரிடமும் அவர் ஜோடியிடமும் இல்லாத ஐந்து துருப்பும் ஒரே எதிராளியிடம் போய் உட்கார்ந்திருந்தன. கவிழ்ந்தார். அடுத்த கையில் அருளுக்கு ஏழு ஸ்பேட். அதோடு ஜி.எம்.முக்குப் பொறுமை போய்விட்டது.

"இத்தனை வருஷமா ஆடறேன், இந்த மாதிரி கோணல் கை வரிசையா வந்ததே இல்ல. உன் தங்கச்சி வீட்டுக்காரருக்கு முன்னாடியே காட்டிட்ட. நாளைக்கு ஹெட் ஆபீசுக்கு மெயில் போகுது. கம்பெனி பாஸ்வேர்டெல்லாம் எதை நம்பி உன்கிட்ட விடறது?"

எல்லார் சம்பளமும் என் செக்‌ஷனில்தான் ஓடியது. இந்தப் பேச்சு ஒட்டிக்கொண்டால் அந்த நாற்காலியில் நான் உட்கார முடியாது. உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அருள் எழுந்துவிட்டான்.

"இன்னா சார் பேசறீங்க? அக்கா வூட்டுப் பக்கம் நான் போயே எவ்ளோ நாளாவுது. இந்தக் கப்பே வேணாம், நான் கெளம்பறேன்."

"உட்காருடா," என்றேன். "இப்ப எழுந்தா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்."

மீதி ஆட்டத்துக்குக் கையால் கலைக்கச் சொன்னார் ஜி.எம். முந்தின நாள் கிளப்பில் ஆடி முடித்து அடுக்கிய கட்டுகளை எடுத்தார்கள். கலைத்தார்கள், போட்டார்கள். எல்லாருக்கும் இனத்துக்கு நாலு, மூணு, மூணு, மூணு என்று சமமாக வந்தது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும்.

"பாத்தியா? இதுதான்மா சீட்டு!" என்றார்.

கிளப்பில் ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கே ஒரு நிமிஷம் புரோகிராமில் கோளாறோ என்று சந்தேகம் வந்தது. அதுதான் அன்றைக்கு எனக்கு நேர்ந்த மோசமான நிமிஷம்.

அடுத்த கட்டைக் கலைக்கும்போது அவர்கள் கையையே பார்த்தேன். எங்கள் கிளப் பழக்கம் எல்லாருக்கும் தெரியும். ஆட்டம் முடிந்ததும் சுற்றுச் சுற்றாக விழுந்த சீட்டை அப்படியே நாலு நாலாக அடுக்குவோம். ஒரு சுற்றில் விழுவது பெரும்பாலும் ஒரே இனம். டீ ஆறுவதற்குள் ஆட வேண்டும் என்று ஒப்புக்கு இரண்டு தடவை கலைப்போம். பிறகு நாலு பேருக்கும் ஒவ்வொன்றாகப் போடுவோம். நாலு ஸ்பேட் சேர்ந்திருந்தால் ஆளுக்கொரு ஸ்பேட் போய்விடும். அப்புறம் ஏழு ஸ்பேட் ஒருவருக்கு எங்கிருந்து வரும்? கம்ப்யூட்டர் சீட்டு கோணல் இல்லை. நாங்கள் அத்தனை வருஷமும் சரியாகக் கலைத்ததே இல்லை.

சொன்னேன். ஜி.எம். சிரித்தார். "கதை விடாத மேரி."

"கதையா இல்லையான்னு நீங்களே பாருங்க சார். நான் சீட்டைத் தொடவே மாட்டேன். மேசை பூரா கவுத்துப் பரப்பிப் பிசைஞ்சு கலைங்க. போதும்னு நீங்க சொல்ற வரைக்கும். அப்புறம் தெறந்து போடுங்க."

அவர் பிசைந்தார், சேர்த்தார், மறுபடி பரப்பினார். போட்டார். எல்லாருக்கும் சமமாக வந்தது! நன்றாகக் கலைத்தாலும் சமமான கை வரத்தான் செய்யும். அதை அந்த நேரத்தில் யாரிடம் போய் விளக்குவது?

அருள்தான் விடவில்லை. "ஒரு தபா போட்டா இன்னா தெரியும் சார்? இன்னும் போடுங்க. கை வலிக்குதுன்னா சொல்லுங்க."

அந்தக் கேலி அவரை உசுப்பிவிட்டது. மறுபடி பிசைந்தார். ஒருவருக்கு டைமண்டே இல்லை. அடுத்ததில் ஒருவருக்கு ஆறு கிளப்ஸ். அதற்கடுத்தது சமம். அப்புறம் அவர் தம் கையாலேயே தமக்கு ஏழு ஹார்ட்ஸ் போட்டுக்கொண்டார். விரித்துப் பார்த்தவர், சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தண்ணீர் கேட்டார்.

"சரி மேரி, விடு."

"விடுன்னா எப்படி சார்? எல்லார் முன்னாடியும்தானே சொன்னீங்க? எல்லார் முன்னாடியும் வாபஸ் வாங்குங்க."

இன்று நினைத்தாலும் அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. அவர் எழுந்து நின்றார். "மேரி மேல தப்பு இல்ல. நான் சொன்னது தப்பு," என்றார். சத்தமாகவே சொன்னார், அந்த மரியாதையை அவருக்குக் கொடுக்க வேண்டும். மெயில் போகவில்லை. நான் ரிட்டயர் ஆகும்வரை அதே நாற்காலியில்தான் இருந்தேன்.

இப்போது வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். நேர்மையாகக் கலைத்தால் மட்டும் போதாது. தோற்கப்போகிறவர் கண் முன்னால் கலைக்க வேண்டும். அருள் எதிர் டீமில் ஆடுகிறான் என்று தெரிந்தும் மூடிய அறையில் நான் தனியாகச் சீட்டைச் செருகியிருந்தேன். நான் சுத்தம் என்பது எனக்கு மட்டும் தெரிந்து என்ன பிரயோஜனம்?

அடுத்த வருஷம் எங்கள் டீம் கேப்டன் ஜி.எம்.மையும் எதிர் டீம் கேப்டன் அருளையும் கம்ப்யூட்டர் அறைக்கே கூப்பிட்டேன். பங்கீடு போடும் பட்டனை ஜி.எம்.மையே அழுத்தச் சொன்னேன். விரலைப் பட்டன்மேல் வைத்தவர் அழுத்தாமல் அப்படியே நின்றார்.

"இன்னா சார் யோசனை?" என்று கேட்டான் அருள்.

"இல்லப்பா, தோத்துட்டா இனிமே யாரைத் திட்டறது?" என்றார் அவர்.