கூறைக்குள் கிடந்த ரிப்பன்

பூஞ்சணம் என்ற பொருளை எனக்கு அறிமுகப்படுத்தியது சித்தியின் பட்டுக் கூறைச்சேலை. அம்மாவின் தங்கையான சித்தி அப்போது வட்டுக்கோட்டையில் எங்களோடு இருந்தார். அவருக்குப் பேசிய மாப்பிள்ளை கனடாவில். அவர் ஸ்கைப்பில் வரும் நேரம் பார்த்துச் சித்திக்கு எப்படியோ தலையிடி வந்துவிடும். பொருத்தமான ரவிக்கைச் சட்டை தைப்பதற்காக மாப்பிள்ளையின் தாயார் கலியாணக் கூறையை முன்கூட்டியே தந்திருந்தார். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காமல் கலியாணம் தை மாதத்துக்குத் தள்ளிப்போக, கூறை எங்கள் அலுமாரியில் தங்கிவிட்டது.

மாரிகாலத்தில் பட்டு பழுதாகும் என்று அம்மாவுக்குப் பயம். வெள்ளிக்கிழமை தோறும் அதை விரித்துக் காற்றாட விடுவது சித்தியின் பொறுப்பு. அம்மா கேட்டால், "ஓம் அக்கா, விரிச்செடுத்தனான்" என்பார்.

எனக்கு ஒன்பது வயது. நவராத்திரி நேரம், வீட்டில் ஆளில்லாத ஒரு மத்தியானம், முழுகிய தலை காயாமலே அந்தக் கூறையைச் சுற்றிக்கொண்டு லட்சுமியாகக் கண்ணாடி முன் நின்றேன். லட்சுமி பார்க்க நன்றாகத்தான் இருந்தார். வாசல் படலை திறக்கும் சத்தம் கேட்டதும் அள்ளி மடித்துப் பொலித்தீன் பைக்குள் திணித்தேன். என் சிவப்பு ரிப்பனைக் காணவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. வெள்ளிக்கிழமை சித்தி கண்டுபிடிப்பார் என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். வெள்ளி வந்தது, போனது. சித்தி ஒன்றும் கேட்கவில்லை. ரிப்பன் வேறெங்கோ விழுந்திருக்கும் என்று விட்டுவிட்டேன்.

மார்கழியில் மாப்பிள்ளையின் தாயார் வருவதாகச் சொன்ன நாள், அம்மா பையைப் பிரித்தார். பழம்பாயின் மணம். மடிப்பெல்லாம் மா தூவியதுபோல வெண்பூஞ்சணம், சரிகைக்கரையில் கரும்புள்ளிகள். அலுமாரியின் அதே தட்டில் இருந்த பருத்திச் சேலைகளில் ஒரு பொட்டுக்கூட இல்லை. நைலோன் சேலையைக்கூடச் சித்தி கிழமை தவறாமல் வெயில் காட்டி வைத்திருந்தார்.

"சம்பந்தியம்மாவுக்கு எந்த முகத்தோடை இதைக் காட்டுறது? கலியாணம் குழம்பப்போகுது," என்று அம்மா கட்டிலில் இருந்துவிட்டார். எல்லாம் என் ஈரத்தலையால் வந்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சித்தி கூறையை எடுத்து உதறினார். உள்மடிப்பிலிருந்து என் ரிப்பன் விழுந்தது. அம்மா திரும்புவதற்குள் சித்தி அதைக் காலால் மறைத்து, குனிந்து கைக்குள் பொத்திக்கொண்டார்.

"போன வெள்ளியும் நல்லாத்தானே இருந்தது அக்கா. உந்த மழைதான்."

பிறகு கிணற்றடியில் ரிப்பனை என்னிடம் தந்தார்.

"நான்தான் சித்தி, ஈரத்தலையோடை..." என்று அழுதேன்.

"உன்னாலை இல்லை. ஒருத்தருக்கும் சொல்லாதை, என்ன?" சித்தியின் கண்ணும் கலங்கியிருந்தது.

கலியாணம் குழம்பவில்லை. பூஞ்சணத்தைத் துடைத்து வெயில் காட்டினார்கள். மிஞ்சிய கறை கொசுவத்துக்குள் போய்விட்டது. தை மாதம் சித்தி அதே கூறையில் மணவறையில் இருந்தார், அடுத்த வருடம் கனடா போனார்.

சித்தி என்னை அம்மாவின் அடியிலிருந்து காப்பாற்றினார் என்றே நெடுங்காலம் நன்றியோடு இருந்தேன். புரட்டாதியில் விழுந்த ரிப்பன் மார்கழி வரை அதே மடிப்பில் கிடந்தது என்றால், இடையில் வந்த ஒரு வெள்ளிக்கிழமைகூடச் சித்தி அந்தக் கூறையை மட்டும் தொடவில்லை. அதையும் ஸ்கைப் நேரத்துத் தலையிடியையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க எனக்கு இருபது வயதுக்கு மேலாகியது. ஒருத்தருக்கும் சொல்லாதே என்று அவர் கேட்டார். நானும் நல்ல பிள்ளையாக, சொல்லாமல் இருந்துவிட்டேன்.