படலையில் நின்ற குலம் அண்ணை

செய்தி வந்தபோது நான் அளவெட்டியில் ஒரு வீட்டு வேலிப் படலைக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன். உள்ளே நாய் குரைத்தது, ஆள் வரவில்லை, கைத்தொலைபேசி அடித்தது. எங்களோடு பயிற்சியில் இருந்த சுகந்தி. "குலம் அண்ணை மோசம் போயிட்டார் அக்கா. காலமை தேத்தண்ணி குடிச்சிட்டுச் சாய்மனைக் கதிரையில சாஞ்சவர், எழும்பேல்லையாம்." உடனே அழுகை வரவில்லை. படலையை விட்டு இரண்டடி பின்னால் போய் நின்றேன். நெருங்கி நின்றால் உள்ளே இருப்பவர்களுக்கு மூச்சு முட்டும் என்று அவர் சொல்வார்.

குலசிங்கம் என்ற முழுப்பெயரை உங்களில் பாதிப் பேர் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியில்தான் முதன்முதலாகப் பார்த்திருப்பீர்கள். உளநலப் பிரிவின் வான் வண்டியை இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஓட்டியவர். வலிகாமத்தில் எந்த வீட்டில் யாருக்கு மருந்து, எந்த நாய் கடிக்கும், எந்த வீட்டில் தேநீருக்குச் சீனி கூட என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஓய்வூதியம் எடுத்த கையோடு உளவளத்துணைப் பயிற்சிக்கு விண்ணப்பித்து, எங்கள் பதினொரு பேரில் மூத்த மாணவராக வந்து உட்கார்ந்தார். கோட்பாட்டு வகுப்புகளில் நிமிர்ந்து இருந்தபடியே தூங்குவார். ஒரு சாரதிக்கு இருக்கவே கூடாத திறமை அது. பரீட்சைக்கு முதல் நாள் என் குறிப்புக் கொப்பியைக் கேட்டு வாங்குவதும், வடைக் கறையோடு திருப்பித் தருவதும் வழக்கம்.

நான் அதற்கு முன் பன்னிரண்டு வருடம் கணித ஆசிரியை. வகுப்புக்குள் கால் வைத்ததும் நாற்பது பிள்ளைகள் எழுந்து நிற்பார்கள். அந்தப் பழக்கம் எனக்குள் எவ்வளவு ஊறியிருந்தது என்பது சித்திர வகுப்பில்தான் வெளியே வந்தது. உடுவிலில் இருந்து வந்த சித்திர மிஸ் ஆளுக்கொரு பெரிய தாளும் ஒரு பஸ்டல் பெட்டியும் தந்து, "இந்தத் தொழிலில நான் ஆர்? எழுத வேண்டாம், கீறுங்கோ" என்றார். பத்துப் பேர் மேசை கீறினோம். மேசைக்குப் பின்னால் நாங்கள், முன்னால் வந்தவர். என் படத்தில் என் தலை தாளின் விளிம்பில் முட்டியது. வந்தவர் ஒரு மூலையில் ஒடுங்கிப்போய் இருந்தார்.

குலம் அண்ணை மட்டும் ஒரு வேலியும் படலையும் கீறியிருந்தார். படலைக்கு வெளியே எறும்பளவில் ஒரு மனிதர், பக்கத்தில் அவரைவிடப் பெரிய ஒரு நாய்.

"ஏன் அண்ணை உங்களை இவ்வளவு சின்னனாக் கீறினீங்கள்?" என்று மிஸ் கேட்டார்.

"நாய் பயப்பிடாமல் இருக்கத்தான், மிஸ்."

வகுப்பே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டு, எங்கள் படங்களைச் சுற்றிப் பார்த்தார். "உந்த மேசைக்கு ஒருத்தரும் தானா வாறேல்லை. நான்தானே ஏத்திக்கொண்டு வந்தனான். எனக்குத் தெரியும்." பிறகு என் படத்துக்கு முன்னால் நின்றார். "ரீச்சர், உங்களைக் கீறினாப் பிறகு மற்ற ஆள் இருக்க இடமில்லை." எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை. குறிப்புக் கொப்பியும் கொடுக்கவில்லை.

அந்தத் தவணையில் ஒவ்வொருவருக்கும் ஒரு குடும்பத்தைப் பொறுப்பாகத் தந்தார்கள். எனக்குக் கிடைத்தது கீரிமலைப் பக்கம் தனியாக இருந்த ஒரு அம்மா. ஆளை அடையாளம் காணாதபடி சில விவரங்களை மாற்றியே சொல்கிறேன். மருந்தை நிறுத்திவிட்டார், வீட்டை விட்டு வெளியே வருவதையும் நிறுத்திவிட்டார். மூன்று முறை போனேன். மூன்று முறையும் படலையைத் திறந்து, கோப்பும் கையுமாக விறாந்தை வரை போனேன். மூன்று முறையும் அவர் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஒரு மனிசியோடு நாலு வசனம் கதைக்க முடியாதவளுக்கு இந்த வேலை எதற்கு? பயிற்சியிலிருந்து விலகுகிறேன் என்று கடிதம் எழுதி, கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். திங்கட்கிழமை கொடுப்பதாக முடிவு. யாருக்கும் சொல்லவில்லை.

அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை கடைசித் தடவையாகக் கீரிமலைக்குப் புறப்பட்டபோது, "எனக்கும் அந்தப் பக்கம் ஒரு அலுவல் இருக்கு" என்று குலம் அண்ணை என் ஸ்கூட்டியில் ஏறினார். அலுவலாவது மண்ணாவது! வழி முழுக்கப் பின்னால் இருந்து காலால் இல்லாத பிரேக்கை அமத்திக்கொண்டே வந்தார்.

படலையில் நின்று ஒரே ஒரு முறை, "வீட்டுக்காரர்!" என்று கூப்பிட்டார். பதில் இல்லை. நான் கொழுக்கியில் கை வைத்தேன். "விடுங்கோ ரீச்சர். நாங்கள் கூப்பிட்டாச்சு. இனி அவவின்ரை முறை."

நின்றோம். நல்ல வெயில். கால் மணி நேரம் போனதும், "கடதாசி ஏதும் இருக்கோ?" என்றார். நானும் யோசிக்காமல் கைப்பைக்குள் இருந்த ஒரு மடித்த தாளை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை ஸ்கூட்டி இருக்கையில் விரித்து, சட்டைப்பைப் பேனையை எடுத்தபோதுதான் எனக்கு உயிரே போனது. அது என் கடிதம். அவர் வெறும் பக்கத்தில் தன்பாட்டுக்குக் கீறிக்கொண்டிருந்தார். மறுபக்கத்தைப் பார்த்ததாகத் தெரியவில்லை. கீறி முடித்துத் தந்தார். அதே படலை, அதே நாய். இந்த முறை வெளியே இரண்டு எறும்புகள். "பாருங்கோ, இப்ப எல்லாருக்கும் இடம் இருக்கு."

அப்போது குசினிக் கதவு திறந்தது. "ஆர் உது?"

"வான் றைவர் குலம், அம்மா."

"வான் எங்கை?"

"பென்சன் எடுத்திட்டன். இண்டைக்கு உங்களை ஏத்திக்கொண்டு போக வரேல்லை. குடிக்கத் தண்ணி கிடைக்குமோ?"

அம்மா என்னைப் பார்த்தார். "உவ அண்டைக்கு விதானையார் மாதிரி நேரே உள்ளுக்கு வந்தவ."

"ஓம். இண்டைக்கு வெளியில நிக்கிறாதானே."

படலை திறந்தது. தண்ணீர் வந்தது, பிறகு தேநீரும் வந்தது. அம்மா பலாமரத்தைப் பற்றி ஒரு மணி நேரம் கதைத்தார், தன் நித்திரையைப் பற்றிக் கடைசி ஐந்து நிமிடம் கதைத்தார். நான் வாய் திறந்தது தேநீர் குடிக்க மட்டுந்தான். ஐந்து வாரம் கழித்து அவர் தானாகவே பஸ் ஏறிக் கிளினிக்குக்கு வந்தார். திங்கட்கிழமை நான் கடிதம் கொடுக்கவில்லை.

பயிற்சி முடிவில் மறுபடியும் அதே படத்தைக் கீறச் சொன்னார்கள். குலம் அண்ணை முதல் படத்தையே திரும்பக் கீறிக்கொண்டு வந்தார். பரீட்சகர், "ஒரு வருடப் பயிற்சியில் என்ன முன்னேற்றம்?" என்று முகத்தைச் சுளித்தார். "வடிவாப் பாருங்கோ சேர், படலை நாலு விரல் திறந்திருக்கு. ஒரு வருசத்துக்கு இது காணும்." பரீட்சையில் சித்தியடைந்துவிட்டார். அதன் பிறகும் கிளினிக்கில் எல்லோரும் அவரை றைவர் என்றுதான் கூப்பிட்டார்கள். அவரும் ஓம் ஓம் என்று போனார். வடைத் தட்டைக் கண்டால் மட்டும் படலையாவது காத்திருப்பாவது, முதல் கை அவருடையதுதான்.

"செத்த வீட்டுக்கு மட்டுந்தான் ரீச்சர் கூப்பிடாமல் உள்ளுக்குப் போகலாம்" என்று ஒருமுறை சொன்னார். அது நினைவிருந்தும், மல்லாகத்தில் அவர் வீட்டுக்கு முன்னால் கால் நின்றுவிட்டது. படலை அகலத் திறந்து கிடந்தது. பந்தலுக்குள் சனம், பறைச் சத்தம். என்னையறியாமல், "வீட்டுக்காரர்!" என்று கூப்பிட்டுவிட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மனைவி பரமேஸ் அக்கா அழுத முகத்தோடு எழும்பி வந்து, "உள்ளுக்கு வா பிள்ளை" என்று கையைப் பிடித்தார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

பக்கத்தில் இருத்திவைத்துக்கொண்டு அக்கா கேட்டார்: "நீ போன் எடுத்துக் கதைச்சு வைச்சாப் பிறகு, ஒவ்வொரு முறையும் சிரிப்பார். 'ரீச்சர் இன்னும் கடிதத்தைக் குடுக்கேல்லை' எண்டுவார். என்ன கடிதமெண்டு கேட்டா, அது அவ சொல்லோணும் எண்டிடுவார். அது என்ன கடிதம் பிள்ளை?"

வாசித்திருக்கிறார்! அன்றைக்கே வாசித்திருக்கிறார். இத்தனை வருடம் என்னிடம் ஒரு சொல் கேட்கவில்லை, பெண்சாதிக்கும் சொல்லவில்லை. நானாகச் சொல்லட்டும் என்று என் படலையிலும் நின்றிருக்கிறார், நாலு விரல்கூடத் தள்ளிப் பார்க்காமல்.

அந்தத் தாள் என்னிடம் இருக்கிறது. ஒரு பக்கம் நான் போவதற்கு எழுதியது, மறுபக்கம் நான் நிற்பதாக அவர் கீறியது. அவரில் எனக்கென்று மிஞ்சியது அதுதான். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவுக்குப் போகும்போது தாளைக் கொண்டுபோய்ப் பரமேஸ் அக்காவுக்கு இரண்டு பக்கத்தையும் காட்டப்போகிறேன். படலையில் நின்று கூப்பிட்டுவிட்டுத்தான்.