தேயிலைப் பூவில் ஒரு பொக்கே

பள்ளி ஆண்டு விழாவுக்கு விருந்தினராகப் போன எனக்குப் பொக்கே கொடுத்தார்கள். அதில் செருகியிருந்த யூகலிப்டஸ் இலையின் வாசம் என்னை இடுக்கி மலை எஸ்டேட்டுக்குக் கொண்டுபோனது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில், எஸ்டேட் வெள்ளைக்காரத் துரை கட்டிக்கொண்டு வந்த புதுத் துரைசாணிக்குப் பூக்கொத்து கொடுக்க எஸ்டேட் பள்ளி வாத்தியார் என்னைப் பழக்கினார். கடைசி எழுத்தை விழுங்கிவிட்டு 'பொக்கே' என்று சொல்ல வேண்டுமாம். எனக்கு 'பொக்கேட்டு' என்றே வந்தது.

"லயத்துப் புள்ள நாக்குக்கு இது வராது. எம் மக குடுக்கட்டும்" என்றார் எஸ்டேட் கணக்கப்பிள்ளை. தொழிலாளிகள் குடியிருந்த வரிசை வீடுகள்தான் லயம்.

தேயிலைக் காட்டுக்குப் போய் அதைச் சொன்னேன். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அம்மா நிமிரவில்லை. "அவருக்கு மட்டும் நாக்கு வேறயா? சொல்லுடி" என்றாள். நான் சொல்லச் சொல்ல, செடி வரிசையான நிரையில் நின்ற பெண்களும் கூடவே சொன்னார்கள். சாயங்காலத்துக்குள் எல்லோர் வாயிலும் சுத்தமாக வந்தது.

துரைசாணி வந்தபோது கணக்கப்பிள்ளை மகள் ரோஜாக்களைக் கொடுத்தாள். எங்களை ரோட்டோரம் நிறுத்தியிருந்தார்கள். அம்மா மடியிலிருந்து ஒரு கொத்தை எடுத்து என் கையில் வைத்தாள். எல்லாம் தேயிலைப் பூ. செடியைப் பூக்கவிட்டால் கொழுந்து குறையும். பூவைக் கண்டாலே துரைக்கு ஆகாது.

நான் காரருகே போய், "பொக்கே, மேடம்" என்று நீட்டினேன். துரை பூவைப் பார்த்தார், முகம் சிவந்தது. "எந்தத் தேயிலைக் காட்டுல பறிச்சது?" என்று கேட்டார்.

என் பின்னால் நின்ற பெண்கள் ஒரே குரலில் சொன்னார்கள்: "பொக்கே, தொரை."

இப்போது பள்ளி விழாவில் என்னை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். அந்த ஒன்று போதும் என்று மைக்கை வாங்கினேன்.