சருகு அவிழ்த்த வெள்ளரிப்பழம்

இராஜாக்கமங்கலம் விலக்கில் பஸ் பழுதாகி நிற்கிறது. வெயில் மண்டையைப் பிளக்கிறது. சாயாக்கடை நிழலில் ஓர் அம்மாள், வாழைச்சருகு சுற்றிய வெள்ளரிப்பழத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். விற்க வந்தவள் என்று நானாகவே முடிவு செய்கிறேன். அழுகலை மறைக்கத்தான் சருகோ என்று சந்தேகம் வேறு. கேட்காமலே பழத்தை எடுத்துக் கட்டை அவிழ்க்கிறேன். கனிந்த பழம் கையிலேயே வெடித்து மாவாக உதிர்கிறது.

“என்ன விலை?” என்கிறேன், எரிச்சலோடு.

“விக்கதுக்கு இல்ல மக்கா. எங்க கொடியில மொதல்ல பழுத்தது. வேதக்கோயில்ல கொண்டு வைக்கதுக்காக்கும். சருகை அவுத்தா வெடிச்சிரும்லா?”

உதிர்ந்த பழத்தைச் சருகோடு அள்ளி அவளிடமே நீட்டுகிறேன். அவள் கடையில் ஒரு சட்டியும் மற்ற சாமான்களும் கேட்டு வாங்கி, விதை நீக்கிப் பழத்தைப் பிசைகிறாள். கருப்பட்டியைத் தட்டிப் போட்டு, தேங்காய்ப்பால் விட்டு, ஏலம் நசுக்கிச் சேர்க்கிறாள். பஸ்ஸில் வந்தவர்களுக்கெல்லாம் சாயாத் தம்ளர்களில் ஊற்றுகிறாள். முதல் தம்ளர் எனக்கு.

தாகத்தில் உடனே ஒரு வாய் உறிஞ்சிக்கொண்டு நிமிர்கிறேன். அவள் கண்மூடி நிற்கிறாள்.

“கர்த்தாவே, மொதல் பலனை இந்த வழிப்போக்கருக்குக் குடுக்க வச்சீரே, ஸ்தோத்திரம்.”

அவள் ஆமென் சொல்லும்வரை, அந்த இனிப்பை விழுங்காமல் வாயிலேயே வைத்துக்கொண்டு நிற்கிறேன்.