கோடு போடப் பத்துப் பேர்

ஊரில் யாருக்கு யார் துணை என்று கோடு போட்டுக் காட்டுவது எங்கள் வேலை. கோடு போடுவது சுலபம், அதற்கு ஆள் பிடிப்பதுதான் உயிரை வாங்கும்.

ராமநாதபுரத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தில் கள ஊழியராக இருந்தேன். ஊருக்கு ஒன்றிரண்டு பேரிடம்தான் செல்போன் வந்திருந்த காலம். ஆத்திர அவசரத்துக்கு யார் யார் வீட்டுக்குப் போகிறார்கள் என்று தெரிந்துகொண்டு, வீட்டுக்கு வீடு கோடு இழுத்து ஒரு வரைபடம் தயாரிக்க வேண்டும். அதற்கு முன்னால், திட்டத்தை நம்பி ஊரில் எடுத்துச் சொல்லப் பத்துப் பேர் வேண்டும். ஆபீசில் அவர்களுக்கு 'முன்னோடிகள்' என்று பெயர். முதுகுளத்தூரிலிருந்து மினிபஸ் போகும் ஓர் ஊர் என் தலையில் விழுந்தது. வீடு வீடாகக் கதவு தட்டிப் பிழைத்தவர்கள் உங்களில் இருந்தால், மேலே நான் சொல்லாமலே புரியும்.

ஒரே ஒருவர்

முதல் கூட்டத்துக்கே ஊர் திரண்டு வந்துவிட்டது. மகிழ்ந்துபோய் ஒரு மணி நேரம் பேசினேன். ஒவ்வொருவர் கையிலும் ரேஷன் கார்டு இருந்ததைப் பேசி முடித்த பிறகுதான் கவனித்தேன். புதுக் கார்டுக்குப் பேர் எழுத வந்திருக்கிறேன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இல்லை என்றதும் எல்லோரும் எழுந்து போய்விட்டார்கள்.

ஒரு பெரியவர் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தார். முதல் முன்னோடி கிடைத்துவிட்டார் என்று ஆசையாகப் பக்கத்தில் போனேன். "கால் மரத்துப்போச்சு தாயி, செத்த கையக் குடு" என்றார்.

எல்லாக் கோடும் ஒரே வீட்டுக்கு

மறுவாரம் முத்திருளு வந்தார். மிளகாய் விவசாயி, சொந்த டிராக்டர் உள்ளவர். "பத்துப் பேருதானே? நான் கொண்டாரேன்" என்றார். சொன்னபடியே கொண்டுவந்தார். தம்பி, மச்சினன், சகலை, சகலையின் தம்பி என்று ஒன்பது பேர், பத்தாவது அவரே. ஒரே நாளில் படமும் தயார். ஊரிலுள்ள எல்லா வீட்டிலிருந்தும் கோடு கிளம்பி முத்திருளு வீட்டில் போய் முடிந்தது.

மற்ற வீடுகளிலும் கேட்டுவிட்டு வரைவோமே என்று பணிவாகச் சொன்னேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். பின்னாலேயே ஒன்பது பேரும் எழுந்தார்கள். "எங்க வீட்டுக்கு வராத கோடு இந்த ஊருக்கு எதுக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மூன்று பேர்

வள்ளிமயில் கூலி வேலைக்குப் போகிறவள். களையெடுப்புக்கு ஆள் சேர்ப்பதும் அவள்தான். அவள் சொன்னால் பெண்கள் வருவார்கள் என்று கேள்விப்பட்டு, மூன்று நாள் அவள் பின்னால் வரப்பு வரப்பாக நடந்தேன். கடைசியில், "என்னத்தத்தான் கேக்கப் போறீக, வாசிங்க" என்றாள். ஆபீஸ் படிவத்தின் முதல் கேள்வியை வாசித்தேன்: 'உங்கள் மனதுக்கு நெருக்கமான மூன்று பேர் யார்?'

பக்கத்தில் குனிந்திருந்த பெண்களெல்லாம் நிமிர்ந்தார்கள். தங்கள் பேர் வருகிறதா என்று பார்க்கத்தான். வள்ளிமயில் என்னைத் தள்ளிக் கூட்டிப்போனாள். "மூணு பேரச் சொன்னா மிச்சப் பேரு என்னைச் சும்மா விடுவாகளா? வலி எடுத்தா யாரு வீட்டுக் கதவத் தட்டுவேன்னு கேளுங்க, சொல்றேன்."

கேள்வியை மாற்றினேன். ஒரே வாரத்தில் வள்ளிமயிலோடு ஏழு பெண்கள் சேர்ந்தார்கள்.

ஆடு

பள்ளிக்கூட முற்றத்தில் படம் போட்டோம். கோலப்பொடியில் தெரு, வீட்டுக்கு வீடு ஒரு கொத்து வேப்பிலை. காலையிலிருந்து வெயிலில் குந்தி முக்கால்வாசி முடித்திருந்தோம். தண்ணீர் குடிக்கப் போய்த் திரும்பினால், ஓர் ஆடு வடக்குத் தெரு முழுவதையும் தின்றுவிட்டு மேலத் தெருவில் நின்றது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆட்டுக்காரர் நிதானமாக வந்து படத்தைப் பார்த்தார். "எங்க வீட்ட விட்டுட்டுத்தான் தின்னுருக்கு, அதுக்குத் தெரியுது பாருங்க" என்றார்.

கோடில்லாத வீடு

மறுநாள் சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் போட்டோம். முடிந்ததும் பார்த்தால், கடைசித் தெருவில் ஒரு வீட்டுக்கு மட்டும் ஒரு கோடும் இல்லை. விட்டுப்போயிற்றா என்று கேட்டேன். ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டு விவரம் சொன்னாள். பாண்டியம்மாள் என்ற பெண்ணின் வீடு அது. கோயில் கொடை விழாத் தகராறில் அவள் மாமனாரோடு ஊர் பேச்சை நிறுத்தி வருஷக்கணக்காகிறது. மாமனாரும் இறந்துவிட்டார். புருஷன் திருப்பூரில் வேலை. அவளுக்கு அப்போது எட்டு மாதம்.

வள்ளிமயில் சேலையை இடுப்பில் செருகினாள். பிறகு சாக்பீஸை எடுத்துத் தன் வீட்டிலிருந்து அந்த வீட்டுக்கு ஒரு கோடு இழுத்தாள். எனக்கு எரிச்சல். உள்ளதைத்தான் போட வேண்டும், நினைத்ததையெல்லாம் போட்டால் படம் பொய்யாகிவிடும் என்றேன். கையிலிருந்த சாக்பீஸ் பொடியைச் சேலையில் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "இன்னையில இருந்து நெசம்."

மினிபஸ்

அடுத்த மாதம் நடுப்பகலில் பாண்டியம்மாளுக்கு வலி வந்தது. சத்தம் கேட்டு முதலில் ஓடியவள் வள்ளிமயில். எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்த மினிபஸ்ஸை நடுரோட்டில் நின்று மறித்து, உள்ளே இருந்தவர்களையெல்லாம் இறக்கிவிட்டு, முதுகுளத்தூருக்குத் திருப்பவைத்தாள். செய்தி கேட்டு மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம். என் கண் கலங்கியது. பாண்டியம்மாள், கட்டிலின் கீழே தூங்கிக்கொண்டிருந்த வள்ளிமயிலைக் காட்டி மெதுவாகச் சொன்னாள்: "நேத்துத்தான் மொதத் தடவையா எங்கிட்டப் பேசுனாக. பேசுனதும் ஏச்சுத்தான், முன்னாலயே கூப்பிடலேன்னு."

ஆபீஸ்

இதையெல்லாம் அறிக்கையாக எழுதி, படத்தோடு மேலாளர் மேஜையில் வைத்தேன். நிதானமாகப் புரட்டினார். முன்னோடிகள், பிற்பாடு வந்த பாண்டியம்மாளையும் சேர்த்து, எட்டுப் பேர்தானா என்று கேட்டார். மினிபஸ் பக்கத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். பாராட்டப் போகிறார் என்று நிமிர்ந்து நின்றேன். படத்தில் வள்ளிமயில் இழுத்த கோட்டில் விரலை வைத்தார். "எல்லாம் சரிம்மா, இந்தக் கோட்டை வரைய யார்கிட்ட அனுமதி வாங்குனீங்க?" என்றார்.

கடைசிவரை எனக்குப் பத்துப் பேர் தேறவில்லை, பஸ்ஸை மறிக்க ஒருத்தி போதும் என்று எழுதலாமென்றால் அதற்கு ஆபீஸ் படிவத்தில் கட்டமும் இல்லை.