என் பொறுமைக்கு மாத்திரை

மலேசியாவின் கோலா சிலாங்கூரில் பேசாதவனுக்கு நல்ல பெயர் சுலபமாகக் கிடைத்துவிடுகிறது. எங்கள் சாப்பாட்டுக் கடைக் கல்லாவில் நான் உட்கார்ந்திருக்கும் கோலத்தைத் தங்கள் பிள்ளைகளுக்குக் காட்டி மலாய்க்காரர்கள் ஏதோ சொல்வார்கள். 'சாபார்' என்பது மட்டும் காதில் விழும். பொறுமையாம். மலைக் குரங்குகள் ஊரார் பொட்டலத்தையெல்லாம் பறிக்கின்றன, என்னை மட்டும் விட்டுவிடுகின்றன. எஸ்டேட்டிலிருந்து செம்பனைக் குலை ஏற்றிவரும் லோரி ஓட்டுநர் முனியாண்டி, நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீயை உறிஞ்சியபடி தினமும் சொல்வார்: "பாய், நீங்க கடை வெச்சது தப்பு லா. ஆசிரமம் வெச்சிருக்கணும்." நான் லேசாகத் தலையசைப்பேன். அதையும் பெருந்தன்மை என்று எடுத்துக்கொள்வார்.

உண்மையில் எனக்குள் பொறுமையும் இல்லை, எரிச்சலும் இல்லை. எதுவுமே இல்லை. ராமநாதபுரக் கடற்கரையிலிருந்து இங்கே வந்து சேர்ந்த முதல் சில வருடங்களில் எப்போதோ அது தொடங்கியிருக்க வேண்டும். நிறையப் படித்தவன் என்பதால் அதற்கு 'ஆழம்' என்று பெயர் வைத்துக்கொண்டேன். துயரம் தோய்ந்த கதாநாயகர்களின் வரிசையில் நானாகவே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

சென்ற ஆண்டு பசியும் தூக்கமும் சேர்ந்து போயின. சர்க்கரைதான் என்று முடிவுகட்டி, மனைவி மெஹர் அரசாங்கக் கிளினிக்குக்கு இழுத்துப்போனாள். இங்கே பிறந்தவள்; டாக்டரம்மாவிடம் மலாயில் சரளமாகப் பேசினாள். சர்க்கரை ஒழுங்காகத்தான் இருந்தது. அந்த இளம் டாக்டர் என்னைப் பார்த்து, "டூலு அபாங் மாச்சாம் மானா?" என்றார். முன்பு எப்படி?

"முன்பு இந்தியாவில்" என்றேன்.

அவர் ஊரைக் கேட்கவில்லை. என்னைக் கேட்டார்.

மெஹர் முந்திக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து இவர் குணமே இப்படித்தான் என்றாள். டாக்டர் நிதானமாக விளக்கினார். சிலர் இயல்பிலேயே அமைதியானவர்கள், அது நோயல்ல. சிலருக்கு மனச்சோர்வு மெதுவாக வந்து, குணம் மாதிரியே உட்கார்ந்துவிடும். எதையும் உள்ளே போட்டு உருட்டுகிறவர்களிடம் அது இன்னும் சுலபமாக ஒட்டும். பிரித்துப் பார்க்க, முன்பு பழகியவர் ஒருவர் வேண்டும் என்றார். இந்த நாட்டில் எனக்கு முன்பு என்று ஒன்று இல்லை. அங்கேயே ஊருக்குப் போன் போட்டு, என் லாத்தாவிடம் மெஹர் விசாரித்தாள். ஸ்பீக்கரில் அக்காவின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"யாரு, இவனா? அமைதியா? ஆளு மவுத்தாகி அழுதுட்டிருக்குற வீட்டுலகூட ஆளுங்கள சிரிக்க வெச்சு அடி வாங்குனவன்மா. வாய மூடுனான்னா தூங்கிட்டான்னு அர்த்தம்." பிறகு குரல் இறங்கியது. "ஏம்மா, இப்ப பேசுறதில்லையா?"

பிறகு கூப்பிடுகிறேன் என்று மெஹர் போனை வைத்தாள். திரும்பும் வழியில், காரில்தான் வாய் திறந்தாள். "சத்தம் போட்டா அத்தாவுக்குப் புடிக்காதுன்னு பிள்ளைங்கள அடக்கி வெச்சேனே மச்சான். நான் வாய்விட்டுச் சிரிக்கிறதையும் நிறுத்துனேன். உங்க குணம்னுல்ல நெனச்சேன்."

வழி நெடுக செம்பனை மரங்கள். எங்கள் வீட்டின் அமைதி முழுக்க எனக்காகக் கட்டியது. அதை நான் ஒருநாளும் கேட்டதில்லை என்று சொல்லியிருக்கலாம். வழக்கம்போலப் பேசாமல் வந்தேன்.

டாக்டர் எழுதிக்கொடுத்த மனச்சோர்வு மாத்திரையைத் தொடங்கிச் சில மாதங்களுக்குப் பின் ஒருநாள் முனியாண்டியிடம், "நாளையிலேருந்து ஆசிரமத்துல காணிக்கை தனி, தே தாரிக் தனி" என்றேன். அவர் கிளாசைக் கீழே வைத்துவிட்டார்.

"பாய், உடம்பு சரியில்லையா லா?" அடுப்படியிலிருந்த மெஹர் பக்கம் திரும்பிக் கத்தினார்: "அக்கா, பாய் என்னமோ மாதிரி பேசுறாரு!"

லாத்தாவுக்கோ இது போதவில்லை. பழைய தம்பியில் பாதிதான் திரும்பியிருக்கிறான் என்கிறாள். மீதி எங்கே என்று டாக்டரிடம் கேட்டால், அது வயது என்கிறார்.

போன வெள்ளிக்கிழமை என் மகள் போனை எடுத்து லாத்தாவிடம், "மாமி, அத்தா அப்போ என்ன ஜோக் சொல்வாங்க?" என்று கேட்டாள். லாத்தா ஒன்றைச் சொன்னாள். நானே கட்டிய கதைதான். பாதிவரை கூடவே போனேன், முடிவு எனக்கு மறந்திருந்தது. கடலுக்கு அந்தப் பக்கம் லாத்தா சிரித்தாள். இந்தப் பக்கம் மகள் சிரித்தாள். அடுப்படியில் மெஹர், கையிலிருந்த கரண்டியோடு, வாய்விட்டே சிரித்தாள். நான் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தேன், மொழி தெரியாத கூட்டத்தில் மற்றவர்களைப் பார்த்துச் சிரிப்பவனைப் போல.