ஆத்தாவின் நர்சம்மா

எங்கள் அக்கா சிவபதவி அடைந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் அவரைப் புகழ்ந்து எழுதத்தான் உட்கார்ந்தேன். புகழ எனக்கு யோக்கியதை உண்டா என்பதைப் படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

அக்கா பிறந்தது இலுப்பூருக்கு அருகே, கிணற்றுப் பாசனத்தை நம்பிய குடும்பத்தில். பதினாறு வயதில் கல்யாணம். பதினெட்டில் பேதி கண்டு அத்தான் போய்விட்டார். மூலையில் முடங்கிக் கிடக்காமல் திருச்சிக்குப் போய் நர்சு வேலை படித்தார் அக்கா. கண்டவரையும் தொடுகிற வேலை என்று ஊர் ஏசியது. நானும்தான் ஏசினேன்.

புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் சேர்ந்தபின், பெற்ற பிள்ளைகளையே மறந்துபோன முதியவர்கள் கிடந்த வார்டை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். அங்கே யார் என்ன சொன்னாலும் மறுத்துப் பேச மாட்டார். என்றோ செத்த மாட்டுக்கு வைக்கோல் போட்டாயா என்று ஒரு பெரியவர் கேட்டால், போட்டாச்சுங்க என்பார். கையைப் பிடித்துச் சற்று நேரம் வைத்திருந்த பிறகே கஞ்சிக் கரண்டியை எடுப்பார். முதுகில் புண் வராமல் புரட்டிப் படுக்க வைப்பார். அவர்கள் கண் மூடும்வரை பக்கத்திலேயே இருப்பார்.

யுத்த சமயத்தில் எங்கள் ஆத்தாவுக்கும் அதே மறதி வந்தது. பெட்ரோல் கிடைக்காமல் கரிப்புகையில் ஓடிய பஸ்ஸில் கொண்டுபோய் அக்காவிடம் சேர்த்தேன். ஆத்தாவுக்கு என்னைத் தெரிந்தது, அக்காவைத் தெரியவில்லை. மகள் என்றால், கூறைப்புடவையும் குங்குமமுமாகப் புருஷன் வீட்டுக்கு வண்டியேறிய பெண்தான் அவர் மனதில். வெள்ளைப் புடவையும் வெறும் நெற்றியுமாக எதிரே நின்றவர் நர்சம்மா. மகள் மட்டும் எட்டிப் பார்க்கவில்லையே என்று அந்த நர்சம்மாவிடமே தினமும் அழுதார்.

ஆத்தாவுக்கு ஆகாரம் இறங்காமல் போனபோது அக்கா என்னைத் தனியே அழைத்தார். கலர்ப் புடவை கட்டி, பொட்டு வைத்து, ஒரே ஒரு தடவை ஆத்தா முன்னால் போய் நிற்கட்டுமா என்று கேட்டார்.

"கண்ணு மூடுறதுக்குள்ள மகளப் பாத்துட்டுப் போகட்டும் தம்பி."

பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் காறித் துப்புவார்கள், அப்புறம் என் பெண்களை எவன் கட்டுவான் என்று கத்தினேன். சரிப்பா என்று சொல்லிவிட்டு வார்டுக்குத் திரும்பிவிட்டார்.

மறுநாள் நானும் கட்டிலருகே இருந்தேன். அக்கா பஞ்சை நனைத்து ஆத்தாவின் உதட்டை ஈரப்படுத்தினார். ஆத்தா கையைத் தூக்கி அவர் நெற்றியைத் தடவினார்.

"பாவம், சின்ன வயசுலயே தாலி அறுத்துட்டியே. எம் மகளுக்கு இந்தக் கதி வரக்கூடாதும்மா."

"வராதுங்க. ஒங்க மக நல்லா இருக்கா" என்றார் அக்கா.

அன்று சாயங்காலமே ஆத்தா போய்விட்டார். அதன்பிறகு அக்கா அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நான்கு நாள் காய்ச்சலில் சாகும்வரை அதே வார்டில் வேலை பார்த்தார். எனக்குத்தான் தூக்கம் கெட்டது. இப்போதும் வெள்ளைப் புடவையில் யாராவது எதிரே வந்தால் தலையைக் குனிந்துகொள்கிறேன்.

அக்காவுக்கு வைத்தியம் பார்த்த டாக்டருக்கும், கூடப்பிறந்தவர்களைப்போல் கவனித்துக்கொண்ட வார்டுப் பெண்களுக்கும், பாடையைத் தோளில் சுமந்த பங்காளிகளுக்கும் என் வணக்கம். பதினாறாம் நாள் வரை எங்களோடு தங்கியிருந்த, ஆத்தாவின் தங்கையான சின்னத்தாவுக்கும் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன். பொட்டு வைக்க விடாமல் அக்காவைத் தடுத்ததை அவரிடம்தான் முதன்முதலில் சொல்லி அழுதேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்.

"இதுக்குப் போயி யாருப்பா ஏசப் போறா? எங்கிட்டக் கேட்டிருந்தா நானே பொட்டு வச்சு அனுப்பியிருப்பேனே."

நான் யாரிடமும் கேட்கவில்லை.